நாற்பத்தொன்றாம் பக்கம்

செத்துப்போன ஃபிரிட்ஜ் அது.
மூன்று வருஷம் யாஸ்னா வீட்டுக் கொல்லையில் கிடந்தது.
ரப்பர் விளிம்புக்கு மட்டும் உயிர் இருக்கிறது,
மழை உள்ளே போகாது என்றாள்.
நான் வெல்டிங்காரன். நான்கு கால் வைத்துக் கொடுத்தேன்.
கொய்யைக்கே மேட்டில், பஸ் திரும்பும் முனையில்
நிறுத்தினோம்.
எடுத்துப் போ, முடிந்தால் வை என்று
அவள் மகன் கதவில் எழுதினான்.
எழுத்தெல்லாம் காற்றடித்த பக்கம் சாய்ந்திருந்தது.

நூலகம் கீழே, ஊர் நடுவில்.
போக வர பஸ் காசு,
அந்தக் காசுக்கு ரொட்டி.
எங்கள் தெருவில் இந்தக் கணக்கில் எப்போதும்
ரொட்டிதான் ஜெயிக்கும்.

மார்ச்சில் நாற்பது புத்தகம்:
டிராக்டர் கையேடு, இரண்டு பைபிள், பல் வைத்தியம்,
அட்டை போன காதல் கதைகள்.
ஜூன் கடைசியில் பதினொன்று.
படிக்கிறார்கள் பார், என்று நான் குதித்தேன்.
தடிமனானவைதான் முதலில் போகின்றன
என்றாள் யாஸ்னா.
எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

ஜூலை. உறைபனி.
கடையில் விறகு ஈரம், விலையைச் சொல்லவேண்டாம்.
பூட்டுப் போடலாம் என்றார் பஸ் ஓட்டும் ருப்பெர்த்தோ.
சாவி யாரிடம் என்றதும் பேசாமலிருந்தார்.
யாஸ்னா காய்ந்த சிராய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி
காய்கறி வைக்கிற அடித்தட்டில் அடுக்கினாள்.
மேலே ஒரு சீட்டு:
எரிக்க, இது.

விறகு போனது.
மறுநாளும் போனது.
மேல்தட்டுகள் அசையவில்லை.
அவள் கொட்டகை காலியாவதைப் பார்த்து
ஒரு ராத்திரி நானும் ஒரு சாக்கு கொண்டுபோய்ப் போட்டேன்.
சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை
பனியைத் தட்டிவிட்டுத் திறந்தால்
தடித்த நாவல் ஒன்று திரும்பி வந்திருக்கிறது,
நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து.
முன்னாலிருந்ததெல்லாம் அடுப்புக்குள் போயாயிற்று.
ஓரம் கருகல், நடுவில் கட்டைவிரல் கரி.
ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்ட கை
இங்கே வந்து நின்றிருக்கிறது.
முதல் வரியைப் படித்தேன்:
'கதவைத் தட்டியது அவன் இல்லை.'
நின்றுதான் ஆகவேண்டும்.

பின்னட்டையில் பென்சிலால்,
எழுத்துப் பிழையோடு:
முதல் நாற்பது பக்கம் யாருக்காவது தெரியுமா?

எனக்குத் தெரியாது. யாஸ்னாவுக்கும்.
ருப்பெர்த்தோ பஸ் ஏறுகிறவர்களையெல்லாம் கேட்கிறார்,
சில்லறை கொடுப்பதற்கு முன்னால்.
ஒரு கிழவர், அவள்தான் கொலைகாரி என்றாராம்.
எவள் என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார்.

விறகு இன்னும் ஒரு வாரத்துக்கு வரும்.