பெயர்ப் பலகை

ஏப்ரலில் எங்கள் ஊரில்
பனி உருகும் முன்பே அணி உருகிவிடுகிறது.
கடைசி ஆட்டம் தோற்று
டகோட்டா இருட்டில் நானூறு மைல்
யாரும் பேசாமல் பேருந்தில் வந்தோம்.
விடிகாலை இறங்கும்போது
ஏழு பேர் என் கையைக் குலுக்கினார்கள்.
அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.
தூங்கப் போகிறவன் கை குலுக்குவதில்லை.

என் அறையில் ஒரு வெள்ளைப் பலகை.
பதின்மூன்று உதவித்தொகை, பதின்மூன்று காந்த வில்லை,
வில்லைக்கு ஒரு பெயர்.
அந்தச் சொல்லை ஏவலாகவும் படிக்கலாம் என்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.
பெயர்.
கிளம்பு, இடத்தை விடு.

முதலில் பெட்டிவே.
கேரி நகரத்தில் கூரை ஒழுகும் ஜிம் ஒன்றில்
எட்டுப் பேர் பார்க்க ஆடிக்கொண்டிருந்தவன்.
எட்டில் ஒருவன் நான், மூவர் அவன் சித்திகள்.
இடது கையால் போடத் தெரியாது.
இரண்டு குளிர்காலம், காலை ஆறு மணி,
இடது கை, இடது கை, இடது கை.
இப்போது தெரியும்.
தெரிந்ததால் போகிறான்.
பெரிய பல்கலைக்கழகம், தொலைக்காட்சி,
என் மூன்று வருடச் சம்பளம் அவனுக்கு ஒரே வருடத்தில்.
"கோபமா, கோச்?"
இல்லை என்றேன். பாதி உண்மை.
மீதிப் பாதியைக் காருக்குள் உட்கார்ந்து
ஸ்டியரிங்கிடம் சொன்னேன்.

தலைமைப் பயிற்சியாளர் ஹால்வர்சன் பட்டியல் தந்தார்:
ரீபவுண்டுக்கு ஒருத்தன்,
மூலையிலிருந்து கண்ணை மூடிப் போட ஒருத்தன்,
மற்ற பன்னிரண்டு பேரையும் பொறுத்துக்கொள்ள ஒருத்தன்.
மூன்றாமவனுக்குப் புள்ளிவிவரம் கிடையாது.
இரவெல்லாம் இடம் மாற விரும்புவோர் பட்டியலை
விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன்.
தேவாலயத்தில் கழற்றிக் குவித்த குளிர்கோட்டுகள்.
எல்லாம் கறுப்பு. எல்லாம் யாருக்கோ சரியான அளவு.

டொலிடோவில் ஒரு சமையலறை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
சீருடையைக் கூட மாற்றாத தாய், ஒடெசா ரெயின்வாட்டர்.
நான் வசதிகளைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.
"போன வருடம் இப்படி எத்தனை சமையலறை?"
ஒன்பது.
"அந்தப் பிள்ளைகளில் இன்றைக்கு உங்களிடம்?"
இரண்டு.
எழுந்து இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.
பையன் வேறு கல்லூரிக்குக் கையெழுத்திட்டான்.
கேக் நன்றாக இருந்தது.

பலகையின் அடியில், வரிசைக்கு வெளியே
ஸ்டூக் என்று ஒரு பெயர்.
சூரியகாந்தி விவசாயியின் மகன்,
தன் செலவில் படித்து, தன் செலவில் உட்காருகிறவன்.
மூன்று வருடத்தில் பதினொரு நிமிடம் ஆடியிருக்கிறான்.
அவனைக் கேட்டு எந்தத் தொலைபேசியும் அடிக்கவில்லை.
காந்தத்துக்குக் காசு எதற்கு என்று
மார்க்கரால் எழுதி வைத்தேன் அன்று.
இந்த வசந்தத்தில் ஸ்பிரிட் ஊற்றி
பலகை முழுக்கத் துடைத்தேன்.
அது மட்டும் போகவில்லை.

ஜூனில் விமான நிலையம்.
செனகலில் பிறந்து, ஃப்ளோரிடாவில் ஒரு வருடம்,
அயோவாவில் ஒரு வருடம் ஆடியவன்.
ஆறடி பத்தங்குலம், ஒரே ஒரு பை.
நான் பிடித்திருந்த அட்டையில்
அவன் பெயரில் ஒரு எழுத்து குறைந்தது.
பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
பழகிப்போயிருக்கும்.
"இங்கே குளிர் அதிகமா?"
கொஞ்சம், என்றேன்.
என் தொழிலில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது.

மறுநாள் காலை ஜிம் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
தரையைத் துடைத்து முடித்து
கூடைக்குக் கீழே நின்றிருந்தான் ஸ்டூக்.
புதியவன் போட, விழுந்த பந்தை எடுத்துத் திருப்பி வீசினான்.
"எப்படிச் சொல்லணும் உன் பெயரை?"
ந்தியாகா.
"இன்னொரு தடவை."
பந்து போனது, வந்தது.
மூன்றாவது வீச்சில் சரியாகச் சொல்லிவிட்டான்.

கதவருகே நின்று
நானும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது.
சட்டைப்பையில்
இன்னும் ஒட்டாத காந்தம்.