அரை மாத்திரை

செந்தூல் அடுக்குமாடியின் பதினொன்றாவது மாடியில்
எனக்கு இரவு வேலை.
ஒரு நாட்டுக்கு நூற்று நாற்பது வெள்ளி.
எண்பத்திரண்டு கேள்வி,
பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண்.
கூட்டினால் ஒரு நிறம் வரும்.

இன்று வந்திருக்கும் நாட்டின் பெயரை
வெளியே சொல்லக்கூடாது, ஒப்பந்தம்.
தேர்தல் உண்டா? உண்டு, தேதி தவறியதே இல்லை.
எதிர்க்கட்சி? உண்டு.
அதன் தலைவர்மேல் வழக்கும் உண்டு,
விசாரணை எப்போதும் தேர்தலுக்கு முதல்நாள்.
கூட்டம் போட அனுமதி கொடுத்தார்கள்.
திடலுக்குக் கொடுக்கவில்லை.
திடல் கிடைத்த மாலை
அந்த வட்டாரம் முழுக்க மின்சாரம் இல்லை.
மின்வெட்டுக்கு எத்தனை போடுவது?

தலைவலிக்கு அரை மாத்திரையை விழுங்கிவிட்டு
ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.
"கலப்பு என்று போட்டுவிடுங்கள், லோகவதி.
புரியாததையெல்லாம் அங்கேதான் போடுகிறோம்" என்றார் இங்கா.
கலப்பு.
ரோஜாக் தட்டில் மாங்காய் தெரிகிறது, வெள்ளரி தெரிகிறது,
சாந்தைக் கரைத்த கை மட்டும் தெரிவதில்லை.

நம் இலக்கணம் இவ்வளவு சோம்பேறி இல்லை.
படிவம் நான்கில் படித்தது:
உகரம்தான், ஆனால் முழு உகரம் இல்லை,
உதடு குவியாமல் அரை மாத்திரை ஒலிப்பது.
அதற்கென்று ஒரு பெயர் வைத்தார்கள்.
முந்தி நிற்கும் எழுத்து எது என்று பார்த்து
ஆறாகவும் பிரித்தார்கள்.
நாடு, அரசு, வாக்கு
மூன்றும் அந்த உகரத்தில்தான் முடிகின்றன,
மூன்றும் மூன்று வகை.
உயிர் வந்து சேர்ந்தால்
அது இருந்த இடம் தெரியாது.
உயிர் வருமா என்று
என் எண்பத்திரண்டில் ஒரு கேள்வியும் இல்லை.

சொந்த நாட்டுக்கு மதிப்பெண் போடக்கூடாது, அது விதி.
எங்களை யாரோ லிமாவில்
தூக்கம் கெட்டுக் கூட்டிக்கொண்டிருப்பார்.
அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

இன்று மின்தூக்கியில் மூன்று பேர்:
நான், புவான் ரொஸ்னா,
மீன் பையோடு ஒன்பதாம் மாடி ஆ செங்.
பாசார் விலை, மழை, ரொஸ்னா மகளின் கல்யாணம்,
எல்லாம் முழுக்குரலில்.
நடுவே ஒரு சொல் வந்தது.
மூவருக்கும் குரல் குறுகியது.
உதடு குவியவில்லை.
ஒன்பதில் கதவு திறந்ததும் மறுபடி மழையைப் பேசினோம்.

அந்தச் சொல்லை இங்கே எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை என்பதையும்
குறித்துக்கொள்ளுங்கள், லிமாக்காரரே.