துடைப்ப வண்டி

பந்தயத்தின் வாலில் என் வேன்.
பின்கதவில் கட்டிய துடைப்பம்
வருடத்தில் ஐந்து நாள் வெயில் காயும்.
டோரு நதியிலிருந்து மலைமேல் சாந்தா ஒலாயா வரை
விட்டுப்போனவர்களைக் கூட்டி அள்ளுவது வேலை.
பத்தொன்பது ஆகஸ்ட் அள்ளினேன்.

ஏறுகிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள்.
முதுகிலிருந்து எண்ணைப் பிய்த்துத் தரும்போது
ஊக்கு மட்டும் சட்டையில் தங்கிவிடும்.
ஒருவன் என் மத்தி ரொட்டியில் பாதியைக்
கேட்காமலே தின்றான்.
ஒருவன் தூங்கினான், தூக்கத்திலும்
கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன.

கடைசி வருடம், அது கடைசி என்று
யாருக்கும் தெரியாது.
பூ ஓட்டுக் கம்பெனி முதலாளி மேடையில் நின்று
அடுத்த முறை ஆறு நாள் என்றுகூடச் சொன்னார்.

ஐந்தாம் நாள். யூகலிப்டஸ் தாண்டி
கருங்கல் பாவிய ஏற்றம்.
அதெரீட்டு லொசாடா, எண் நூற்றுப் பதினேழு.
இடது முழங்கையில் தோல் இல்லை.
கதவைத் திறந்தேன்.
முடியாது என்றான்.
முடியாதவர்களுக்குத்தானே வண்டி, ஏறு என்றேன்.
முடியாது என்றான் மறுபடி.
அது வேறு முடியாது.

கெடு தாண்டி நாற்பது நிமிடம்.
போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் போய்விட்டன.
எதிரே ஒரு டிராக்டர் வந்தது,
ஆடுகள் வந்தன, அவற்றுக்கு வழி விட்டான்.
நான் முதல் கியரில்,
அவன் நிழல் மீது ஏறிவிடாமல்.

மேலே
காற்றடைத்த வளைவு கசாப்புக் கடை வாசலில்
சுருண்டு கிடந்தது.
நகராட்சிச் சீருடையில் சுல்மீரா
வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
மறுநாள் மாதா ஊர்வலம், தெரு சுத்தமாக வேண்டும்.
கோடு எங்கே என்றான்.
அவள் ஈரத்தைக் காட்டினாள்.

இறங்கித் துடைப்பத்தை அவிழ்த்துக்
குறுக்கே போட்டேன்.
தெருவுக்கு அது எட்டவில்லை.
சுல்மீரா தன் பிரஷ் கட்டையை
அதன் தலையோடு சேர்த்து வைத்தாள்.
அப்படியும் இரண்டு முழம் குறைந்தது.
குறைந்த பக்கம் வழியாகப் போயிருக்கலாம்.
துடைப்பத்தின் மேல்தான் ஏற்றினான்.
சைக்கிள் இரண்டு முறை துள்ளியது.
கை தூக்கவில்லை. தண்ணீர் கேட்டான்.

முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
முடிக்காதவர் என்றிருக்கிறது.
முடிந்தது பந்தயம்தான்.
பிப்ரவரியில் ஓட்டுச் சூளை அணைந்தது.
மார்ச்சில் ஒரு கடிதம், இரண்டு வரி,
யார் கையெழுத்து என்று தெரியவில்லை.

வேனில் இப்போது சிமெண்ட் ஏற்றுகிறேன்.
அவன் பிரான்சில் கூரை வேய்கிறானாம்.
துடைப்பக் கட்டையில்
டயர் ஏறிய இடம் மட்டும் வெளுத்துப் பிளந்திருக்கிறது.
கோழிக்கூட்டுக்கு ஆகும், கொடு என்றாள் மனைவி.
எடுத்துக்கொள் என்றுதான் வாயைத் திறந்தேன்.
முடியாது என்று வந்தது.

அவள் சந்தையில் வேறு வாங்கிக்கொண்டாள்.
பிளாஸ்டிக். பச்சை.
நன்றாகத்தான் கூட்டுகிறது.