பங்கு பிரிக்காத படகு

வீடு அவனுக்கு, கார் எனக்கு.
பிரஷர் குக்கரைக்கூட
மூடியோடு சேர்த்து எழுதினார் வக்கீல்.
கொட்டகை விட்டத்தில்
ஆறரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கிய
இருவர் படகுக்கு மட்டும்
பத்தியே இல்லை தீர்ப்பில்.
விற்றுவிடுங்கள் என்றார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
அவனும்தான்.

அதனால்
ஜூலை ஞாயிறுகளில்
மாரிட்ஸ்பர்க் போர்வையை விலக்குவதற்கு முன்
ஹோவிக் மேட்டில் இரண்டு வண்டிகள் ஏறுகின்றன.
முன்னால் அவனுடைய பழைய பக்கி,
கூரைமேல் படகு,
அதன் வாலில் கட்டிய சிவப்புத் துணி.
அந்தத் துணியைப் பார்த்தபடியே
பின்னால் நான்.

மிட்மார் கரையில் புல்லெல்லாம் வெள்ளை.
மிதித்தால் அப்பளமாய் நொறுங்குகிறது.
காற்றைவிட நீர் கதகதப்பு,
அணை முழுக்க ஆவி,
சோறு வெந்ததா என்று யாரோ
பானையைத் திறந்து பார்த்துவிட்டு
மூட மறந்துபோனதுபோல.

சுக்கான் முன்னிருக்கைக்காரன் காலில்.
பின்னிருக்கைக்கு வலு மட்டுமே வேலை,
முன்னால் விழும் துடுப்போடு சேர்ந்து விழ வேண்டும்,
முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது.
பதினெட்டு வருடம் எனக்கு வராத வித்தை
இங்கே வருகிறது.

நான் பார்ப்பது அவன் பிடரியை.
முகத்தைப் பார்த்துப் பேசிய காலத்தில்
அந்த மச்சம் கண்ணில் பட்டதில்லை.
பச்சைக் கம்பளிக் குல்லாய் புதிது.
யார் பின்னியது என்று கேட்கவில்லை.
நல்ல கைதான்.
இடது காதருகே மட்டும்
ஒரு கண்ணி நழுவியிருக்கிறது.

மழையற்ற மாதங்களில் அணை வற்றும்.
முழுகிப்போன யாருடைய பண்ணையோ
வேலிக் கம்பங்களை
ஒன்றிரண்டாக மேலே அனுப்பும்.
பனிமூட்டத்தில் அதில் ஒன்றை
அவனும் பார்க்கவில்லை.
என்னால் எப்படியும் முடியாது.

ஒரு சத்தம். பிறகு வானம் பக்கவாட்டில்.
கதகதப்பு என்று சொன்னேனே,
அது கரையில் நின்று சொன்னது.
மூச்சு வெளியே போய்
திரும்பும் வழி மறந்தது.
எழுந்தபோது பார்த்தேன்,
அவன் பாய்ந்து பிடித்தது என்னை அல்ல,
படகை.
நானும் படகைத்தான் பிடித்திருந்தேன்.
அதுதான் சரி.
யாரும் யாரையும் பிடித்தால்
இருவருமே போவோம்.

கவிழ்ந்த வயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் நான்,
ஒருவரை ஒருவர் தெரியாமல்
காலை உதைத்துக் கரைக்கு.
"கோகி?"
"இருக்கேன்."
பத்து உதை.
"சீலன்?"
"இருக்கேன்."
பத்து உதை.
"கோகி?"
உதடு விறைத்துப்போய்
ஒருமுறை என் பதில் தாமதமானது.
இரண்டாம் முறை அவன் கூப்பிட்டதை
வழக்கமாகக் கூப்பிடும் குரல் என்று
சொல்ல முடியாது.

சேற்றில் நின்று
முதுகுக்கு முதுகு காட்டி ஈரம் கழற்றினோம்.
ஒன்றுக்கொன்று தெரியாத உடம்பா என்ன.
இருந்தாலும் திரும்பவில்லை.

அவன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீரில்
சர்க்கரை இல்லை.
"எப்போதிருந்து?"
"மார்ச்."
ரொட்டியில் சுருட்டிய பீன்ஸ் கறியைப் பிட்டு
பெரிய பாதியை நீட்டினேன்,
பிறகு யோசித்துச் சின்னதை.
சிரித்தான். பல் கிடுகிடுத்ததில்
சிரிப்பும் கிடுகிடுத்தது.

படகின் அடியில் ஒரு சாண் கீறல்.
"ஒட்டுகிற செலவு பாதிப் பாதி."
"சரி."
"அடுத்த ஞாயிறுக்குள் காயாது."
"அதற்கடுத்தது."

மெர்ரிவேல் சந்திப்பில்
சிவப்புத் துணி நேராகப் போனது.
நான் இடதுபுறம் திரும்பினேன்.
விரல்கள் இன்னும் விரியவில்லை,
துடுப்புக் கட்டையின் பருமனுக்கே
மடங்கிக் கிடந்தன.
ஸ்டியரிங்கைப் பிடிக்க
அது போதுமாயிருந்தது.