நா

டல்லாக் கரை. படகில் கம்ப்ரெசர் இருமி இருமி
பச்சைக் குழாய்க்குள் காற்றைத் தள்ளுகிறது.
மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு
இறங்குவேன்.

ரங்கூன் ஆற்றில் கண்ணுக்கு வேலை கிடையாது.
முழங்கைக்கு அப்பால் என் கையே எனக்குத் தெரியாது.
காதுதான் அளவுகோல்.
இரண்டு ஆள் ஆழத்தில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவார்கள்.
மூக்கைப் பிடித்து ஊதினால்
உள்ளே ஒரு பொரி வெடிக்கும், விரல் விலகும்.
நாலு ஆளில் மறுபடி.
ஆறில் ஊசி.
எட்டில் கிடக்கிறது கப்பல்.

அன்று எனக்கு ஜலதோஷம்.
"மூக்கடைச்சா இறங்காதே மச்சான்" என்றான் வீரபாகு.
செம்பு விலை ஏறியிருந்தது.
வாடகை மட்டும் இறங்குதா என்றேன்.

ஊதினேன், திறக்கவில்லை.
விழுங்கினேன். தாடையைக் கோணினேன்.
ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்;
வலி சட்டென்று நின்றது.
நல்லதாப் போச்சு என்று நினைத்தேன்.
அந்த ஒரு நொடிக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

குளிர்ந்த ஆறு இடது காதுக்குள் நுழைந்ததும்
சேறு ராட்டினமாய்ச் சுற்றியது.
மேலே நீந்தினேன்,
தலை தரையில் முட்டியது.
மூச்சை விட்டு, குமிழிகள் எங்கே போகின்றன என்று
தோலால் கவனித்தேன்:
தாடையைத் தாண்டி மார்புப் பக்கம் ஓடின.
அப்படியானால் நான்தான் தலைகீழ்.
கயிற்றை நாலு தடவை இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தின்சா விளக்கைச் செருகிப் பார்த்தார்.
நா-ஸி ஓட்டையாகிவிட்டது என்றார்.
செவிப்பறை. அவர்களுக்கும் அது பறைதான்.
ஆனால் நா என்றால் பர்மியத்தில் காது,
கொஞ்சம் இழுக்காமல் சொன்னால் வலி.
நாற்பது வருஷம் இந்த ஊரில் பேசியும்
இரண்டையும் நான் குழப்புவேன்.
மூன்று மாதம் தண்ணீர் படக்கூடாது.
ஆறினால் ஆறும், இல்லையென்றால் ஒட்டுப் போட வேண்டும்.
ஆழத்தைப் பற்றிக் கேட்டேன்.
அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார்,
ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

மூக்கைச் சிந்தினால் காதில் விசில் வருகிறது.
என் மகள் கோமளி இன்னொரு தரம் என்கிறாள்.
சந்தையில் இடப்பக்கம் கூப்பிடுகிறவர்கள்
என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள்.

இப்போது நான் படகில், கயிறு என் கையில்.
வீரபாகு இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டுகிறான்.
காலையிலிருந்து மூன்று தடவை தும்மிவிட்டான்.
தூசி என்கிறான்.
நல்ல காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு,
"என்ன? கேக்கல" என்கிறேன்.

கம்ப்ரெசரை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.