புரண்ட எழுத்து

நாற்பத்தொரு வருடம்.
நானூற்றுப் பதினாறு மடக்குக்கத்திகள்.
ஒன்றுகூட ஓர் ஆப்பிளை அறிந்ததில்லை.

முயல் உரிக்க நியூசிலாந்துக்கு,
புகையிலைக் கட்டறுக்க ரொடீசியாவுக்கு,
ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்ட மலாயாவுக்கு என்று
எங்கள் ஷெஃபீல்டில் அடித்தவை.
போனவை தேய்ந்து முடிந்தன.
போகாமல் மாதிரிப் பெட்டியில்
எண்ணெய்த் தாளுக்குள் தூங்கியவற்றுக்குத்தான் விலை.

இது இரண்டிலும் சேராது.
சான்சிபார் போய்த்
திரும்பி வந்தது, பன்னிரண்டு டஜனும்.
கம்பெனிக் கணக்கில் ஒரே வரி:
'சரக்கை வாங்க மறுத்தார்.'
காரணம் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.
மற்றவற்றை உருக்கியிருப்பார்கள்.
இந்த ஒன்று யார் சட்டைப்பையில் தப்பியதோ.

அலகின் அடியில்
நெளிந்து கிடந்தது ஒரு முத்திரை.
தலைகீழாய்ப் பார்த்தேன், பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
'பூவேலை' என்று
ஒரே சொல்லில் முடித்துவிட்டான் பெர்சி ஹாட்டர்ஸ்லி.
அவனிடம் எழுநூறு கத்தி. நான் என்ன சொல்ல?

போன வியாழன்
ரத்த அழுத்த மாத்திரைக்குப் போனபோது
மருந்துக்கடை ஸுவேனாவிடம் நீட்டினேன்.
அவள் பிறந்தது அந்தத் தீவில்.
முகம் சுளித்தாள். பிறகு
மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்க வைத்திருக்கும்
சின்னக் கண்ணாடி முன் பிடித்தாள்.
சிரித்தாள்.

"அமானா.
ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள்.
கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்."

நம் எழுத்து என்றால்
தூக்கத்திலும் புரட்டி வெட்டும் கை அது.
அறியாத எழுத்துக்கு எது முகம், எது முதுகு?
தாளில் கண்டபடி அச்சில் வெட்டினான்.
எஃகில் அது முதுகைக் காட்டி நின்றது,
நூற்றிருபது வருடமாக.

"வெட்டுமா இது?"
தெரியாது என்று சொல்ல வாய் திறப்பதற்குள்
அன்று காலை வந்திறங்கிய அட்டைப்பெட்டியின்
பசைநாடாவில் சர்ரென்று ஒரு கோடு.
பஞ்சுச் சுருள்கள் எட்டிப் பார்த்தன.
"நன்றாகவே வெட்டுகிறது," என்று திருப்பித் தந்தாள்.

அலகில் பசை. மயிரிழைக் கீறல் ஒன்று.
அறுபது பவுண்டு போயிற்று என்றது
எனக்குள் எப்போதும் விழித்திருக்கும் கணக்குப்பிள்ளை.
துடைக்காமல் மடக்கினேன்.

வீட்டில், கத்தியின் அட்டையை எடுத்து
'நிலை' என்ற கட்டத்தில்
'பயன்படுத்தாதது' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
'ஒரு பெட்டி. வியாழக்கிழமை.'

அப்புறம்தான் நினைவு வந்தது,
மாத்திரை வாங்கவில்லை.