ஆறு மில்லிமீட்டர்

குழாயைத் திறந்துவிட்டு
உஸ்ஸ் உஸ்ஸென்று முக்கால் மணி நேரம்
ஊதிக்கொண்டிருந்தாள் அம்மாக்காரி.
பிள்ளை குப்பியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
ஒரு சொட்டு விடவில்லை.
பிறகு கதவுக்குப் பின்னால் ஒதுங்கி
"மோண்டா எரியும்" என்றது,
என்னிடம் மட்டும்.

பிரெஸ்லின். வயது நாலு. ஊர் முன்சிறை.
காய்ச்சல் நூற்றிரண்டு, விலாவில் வலி.
குப்பியில் கடைசியில் விழுந்தது
ஒரு விரல் உயரம்.
மூடியைத் திருகும்போது வெதுவெதுப்பாக இருந்தது.

முன்பு எடுத்த மருந்துகள் என்று கேட்கும் இடத்தில்
படிவத்தில் மூன்று வரிதான் உண்டு.
சுஜிலா சொல்லச்சொல்ல ஓரத்திலும் எழுதினேன்:
மார்த்தாண்டத்துக் கடையில் கேட்டு வாங்கின சிவப்பு மருந்து,
இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியது.
மீதி, நாத்தனார் மகனுக்குத் தடுமம் வந்தபோது.
ஓணத்துக்கு முன்னே வெள்ளை மருந்து, ஆரஞ்சு மணம்.
"அது வெலை கூடினதாக்கும். ஒடனே கேட்டுது."
அவள் விரல்நுனிகள் கறுத்திருந்தன,
முந்திரி ஆலையில் தோடு உடைக்கிற கை.

மருந்து கேட்டது, கேட்கவில்லை என்கிறோம்.
அதுகளுக்குக் காது இருப்பதுபோல.

முதல் இரவில் இளஞ்சிவப்பாக முளைத்தன
தட்டு நிறைய, நெருக்கியடித்து,
கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டம்.
சுஜிலா ஆலையில் சோற்றுப்பாத்திரத்தைத்
திறந்து மூடுவதற்குள்
இதில் ஒன்று நாலாகிவிடும்.
தப்பிக்க வழி தெரிந்த ஒன்று
பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டு நீட்டுவதுபோல
பக்கத்தில் இருப்பதற்கு நீட்டும்.
சொந்தமா அன்னியமா என்று பார்க்காது.

மறுநாள் தட்டில் ஆறு காகிதப் பொட்டு,
பொட்டுக்கு ஒரு மருந்து.
அடங்கினால் சுற்றிலும் தெளிந்த வட்டம் விழும்,
ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும்.

அமாக்சிசிலின், ஆறு.
கோட்ரைமாக்சசோல், ஆறு.
செஃபிக்சிம், அந்த ஆரஞ்சு மணம், ஆறு.
சிப்ரோ, ஸ்கேலைத் துடைத்து மறுபடி வைத்தேன், எட்டு.

ஆறு என்பது பொட்டின் சொந்த அகலம்.
யாரும் ஒரு அடி நகரவில்லை என்று பொருள்.

நைட்ரோஃபியூரன்டோயினுக்கு மட்டும் நல்ல வட்டம்.
மனசு துள்ளிவிட்டது.
ஆனால் அந்த மருந்து மூத்திரப்பையோடு நின்றுவிடும்,
சிறுநீரகத்துக்கு ஏறாது.
விலாவில் வலி என்று எழுதியிருக்கிறேனே,
என் கையாலேயே.

மிச்சம் அமிக்கசின். இருபத்தொன்று. ஊசி.

சாயங்காலம் போன் வந்தது.
"குடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லியா அக்கா?
ஏழு நாள் ஊசின்னு டாக்டர் சொல்லுதாரு.
ஏழு நாளும் நான் ஆலைக்குப் போகாண்டாமா?"
பின்னால் பிள்ளை எதையோ பாடிக்கொண்டிருந்தது,
காய்ச்சல் இறங்கிய நேரம் போல.
டாக்டர் சொன்னபடி செய்யுங்கோ என்றேன்.
ஏழாவது ஊசி வரைக்கும் என்றேன்.
அதற்கு மேல் என் ஸ்கேலில் கோடு இல்லை.

தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
எதற்கும் அடங்காததும் அதில் அடங்கும்.
பிள்ளையை அப்படி வேகவைக்க முடியாது.

ராத்திரி வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தபோது
கதவுத் தட்டில் முட்டைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே
ஒரு அரைக்குப்பி, சிவப்பு.
போன ஆவணியில் என் மகன் குடித்தது.
நிறுத்தியது நான்தான். காய்ச்சல் விட்டிருந்தது.

கழுவுதொட்டியில் சாய்க்கப் போனேன்.
அது ஓடைக்குப் போகும்,
ஓடை குளத்துக்கு,
குளத்தில் யார் யாரெல்லாமோ குளிக்கிறார்கள்.

மூடியைத் திரும்பத் திருகினேன்.
குப்பி சில்லென்று கையில் இருந்தது.